எண்ணெய் மணத்த கல்

தம்பி,

திங்கட்கிழமை காலை நீ வெள்ளிமலை பஸ் ஏறிவிடுவாய். கூடத்தில் உன் பெட்டி திறந்து கிடக்கிறது. உன் அத்தா அதில் போர்வைக்கு மேல் போர்வையாக அடுக்குகிறார். கல்வராயன் மலையில் பனி கொட்டும் என்று யாரோ கடையில் சொல்லிவிட்டார்களாம். நீ ஒன்றை எடுத்து வெளியே வைக்கிறாய், அவர் மறுபடியும் உள்ளே வைக்கிறார். இரண்டு பேர் உதட்டிலும் சிரிப்பு. நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வரலாற்று மன்றத்தின் ஆண்டு மலருக்கு மன்றத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி மூன்று மாதமாகக் கேட்கிறார்கள். பொதுவாக எல்லாருக்கும் எழுது என்றால் எனக்கு வராது. ஒருவருக்கு எழுது என்றால் வரும். அதனால் உனக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதை நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உன்னைப் பெற்ற எனக்கும் உனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம். பஸ் ஸ்டாண்டில் யாராவது 'அக்கா தம்பியா' என்று கேட்டால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன். இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி கம்மி. ஆனாலும் நீ சர்வேயராகப் போகிறாய். சங்கிலி பிடித்து அளந்து கல் நடப்போகிறவன். நான் ஒரு காலத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி. அதைச் சொல்லாமல் உன்னை அனுப்ப மனம் வரவில்லை.

நம் இரும்புக் கடைக்குப் பின்னால் மன்றத்துக் கூடத்தில், வாசலை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா, நீ கோலி உருட்டி விளையாடிய பள்ளம்? அதன் கதை உனக்குத் தெரியும். அத்தா நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் சொல்லும் கதையில் சிமென்ட் மட்டும்தான் இருக்கும். எந்தக் கலவை, எத்தனை சட்டி மணல், எப்படி இறுகியது என்பதெல்லாம் வரும். நான் அந்தக் கதையில் வரவே மாட்டேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

நான் திருக்கோவிலூரிலிருந்து கல்யாணமாகி இந்தக் கள்ளக்குறிச்சிக்கு வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. நூலகத்திலிருந்து அத்தா வாரம் இரண்டு புத்தகம் எடுத்து வருவார். அது போதாமல், ஆணி மடித்துத் தரும் பழைய பேப்பரையும் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ட்ராயிங் சார் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் ட்ராயிங் சார்தான். கல்வெட்டுப் படி எடுக்கக் கெட்டியான நார் பிரஷ் கேட்டார். பேச்சுவாக்கில், மன்றம் ஒன்று ஆரம்பித்திருக்கிறோம், மினிட்ஸ் எழுதத்தான் ஆள் இல்லை, எனக்கோ கை நடுங்குகிறது என்றார். அத்தா உடனே, "எங்க வூட்ல எழுதுவாங்க சார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கேட்காததற்காக இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் சிரித்த நாட்கள் குறைவு. ஏழெட்டுப் பேர் பஸ் பிடித்துப் போவோம். கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, துணிப் பந்தால் மை ஒற்றுவோம். காகிதம் காய்வதற்குள், இது எந்தக் காலம் என்று சண்டை வந்துவிடும். ஐந்து பேர் இருந்தால் ஆறு அபிப்பிராயம். சின்னசேலம் ஸ்டேஷனில் ஒரு பழைய எடை மேடை இருக்கிறதென்று கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்க அங்கே போயிற்று. அது ஒன்றும் அவ்வளவு பழசு இல்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்ன பிறகும் ட்ராயிங் சார் விடாமல் அதை வரைந்துகொண்டு வந்தார். "நம்ம வரையறதுக்குள்ள அது பழசாயிடும்மா," என்றார். அந்தப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. அவர் சொன்னது பலித்தும்விட்டது.

கல் கிடைத்தது சித்திரை மாதத்தில். நீ அப்போது வயிற்றில் நாலு மாதம். எனக்கு எந்த வாசனையும் ஆகாது. தாளிப்பு வாசனை ஆகாது, கடையில் பெயின்ட் டப்பா திறந்தால் ஆகாது. மூக்கு நாய் மூக்கு மாதிரி ஆகியிருந்தது. மணலூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து வரப்போரம் ஒரு பலகைக் கல் குப்புறக் கிடந்தது. அதன் மேல் ஓர் ஆடு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆட்டை விரட்டி, கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். அடியில் ஒரு வீரன். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், காலடியில் வாலைத் தூக்கி நிற்கும் ஒரு நாய். எழுத்து எதுவும் இல்லை. ஆனால் நேற்றுச் செதுக்கியது மாதிரி மூக்கும் மீசையும் அவ்வளவு கூர்மை. எல்லாரும் குழந்தைகள் மாதிரிக் கூச்சல் போட்டோம். நான் குனிந்து பார்த்தேன். கல்லிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது.

மெல்லிய வாசனைதான். வீரனின் கழுத்து மணிகளுக்கு நடுவில் கறுப்பாகப் படிந்திருந்த அழுக்கிலிருந்து வந்தது. யாரோ தடவியிருக்கிறார்கள், அதுவும் ரொம்பக் காலத்துக்கு முன்னால் இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான் நிமிர்ந்து எல்லார் முகத்தையும் பார்த்தேன். அத்தனை சந்தோஷம். மன்றம் கண்டுபிடித்த முதல் பெரிய பொருள். மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஏறப்போகும் பொருள். நான் வாயைத் திறக்கவில்லை. 'கல் கேட்பாரற்றுக் கிடந்தது' என்று எழுதினேன். நன்றாக அமைந்த வாக்கியம் என்று அப்போது பெருமைகூடப் பட்டேன்.

அனுமதி கேட்காமல் எடுக்கவில்லை. நிலத்துக்காரரைக் கேட்டோம். "எடுத்துக்கினு போங்க சார், ஏரு ஓட்டறப்ப தடுக்குது," என்றார். அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்கள் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் அன்று வேறொரு ஊருக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். நம் கடை டெம்போவில் வைக்கோல் பரப்பி, கல்லைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். மன்றத்துக்காக அத்தா காலி செய்து கொடுத்த கூடத்தில், வாசலை ஒட்டிப் பள்ளம் பறித்து, கல்லை நிமிர்த்தி, அவர் கையாலேயே கலவை போட்டு நிறுத்தினார். "நம்ம கடை சிமென்ட்டு. நூறு வருஷத்துக்கு அசையாது," என்றார். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். எண்ணெய் வாசனை போய்விட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக ஏற்பாடு. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பெண்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் அஞ்சலை. நீ அஞ்சலை ஆயா என்று கூப்பிடுகிறாயே, அவள்தான். அப்போது அவளுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. புடவைத் தலைப்பில் பஸ் டிக்கெட்டை முடிந்துவைத்திருந்தாள்.

"பாய், எங்க வீரனாரு இங்கதான் கீறாராமே?"

அத்தா பில் போட்டுக்கொண்டே, "வீரனா? அந்த மாதிரி ஆளு யாரும் நம்மகிட்ட வேல செய்யலியேம்மா," என்றார்.

"ஆளு இல்ல பாய், கல்லு. உங்க வண்டியில பேரு எழுதியிருந்திச்சாமே. நெலத்துக்காரரு சொன்னாரு."

அத்தா பேனாவை வைத்துவிட்டு அவர்களைப் பின்பக்கம் கூட்டி வந்தார். கூடத்தில் நான் விழாவுக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தேன். ட்ராயிங் சார் கல்லின் மேல் போர்த்தத் துணி அளந்துகொண்டிருந்தார். அஞ்சலை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கண் கல்லின் அடிக்குப் போனது.

"நிக்க வெச்சிட்டீங்களா? எத்தினி நாளா நிக்கிறாரு?"

"ஒரு மாசம் ஆவுதும்மா," என்றார் அத்தா.

"ஒரு மாசமாவா? கால் நோவாதா அவுருக்கு?"

அத்தா சாரைப் பார்த்தார், சார் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். "வருஷம் பூரா படுத்துக்கினுதான் இருப்பாரு. சண்ட போட்டுச் செத்தவரு, அலுப்பு ஜாஸ்தி. எங்க ஊர்ல பொண்ணுக்குக் கண்ணாலம்னா மட்டும் எழுப்புவோம். எண்ணெ தடவி, பொண்ண முன்னாடி நிறுத்தி, 'இவள பாத்துக்கோப்பா'ன்னு சொல்லுவோம். கண்ணாலம் முடிஞ்சதும் திரும்பக் கவுத்து வுட்டுருவோம், தூங்கட்டும்னு. தை மாசத்துலகூட எழுப்பினோம், எங்க சின்ன மாமனார் பொண்ணுக்கு. வர்ற ஞாயித்துக்கிழம எம் பொண்ணுக்குப் பந்தக்கால். அவரு எழுந்தாத்தான் பந்தக்கால். மாப்ள வூட்டுக்காரங்க சின்னசேலம் பக்கம். கல்லு இல்லன்னு காதுல வுழுந்தா, இன்னா சகுனமோன்னு கெளம்பிடுவாங்க."

ட்ராயிங் சார் நல்ல மனிதர். அவர் குரலை உயர்த்தவில்லை. "இதோட அரும உங்களுக்குத் தெரியலம்மா. மழையிலயும் வெயில்லயும் கெடந்தா அழிஞ்சி போயிடும். இங்க பத்திரமா இருக்கும். நீங்க பொண்ண இங்கயே கூட்டிக்கினு வந்து கும்பிடுங்க," என்றார்.

"எங்க பூட்டன் காலத்துலேர்ந்து கெடக்கறாரு சார், அழியல. மூஞ்சி மண்ணுப் பக்கம் இருந்தா மழ எப்பிடிப் படும்? உங்ககிட்ட ஒரு மாசம் இருந்தாரு, எப்பிடி வெளுத்துப்போயிட்டாரு பாருங்க."

அந்த மூக்கும் மீசையும் எப்படி இவ்வளவு கூர்மையாக இருக்கின்றன என்று ஒரு மாதமாக நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தோம். இரண்டு கூட்டம் அதற்கே போனது. அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். சார் குனிந்து அந்த மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, விடமுடியாமல், "கேட்பாரில்லாம கெடந்துதுன்னு மினிட்ஸ்லயே ஏறியிருக்கும்மா," என்று சொல்லிவிட்டு, "நீ எடுத்துப் படி," என்று என்னிடம் திரும்பினார்.

நான் புத்தகத்தைத் திறந்தேன். கூட்டத்தில் நான் பேசியதே இல்லை என்பதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுவேன், கேட்டால் படிப்பேன், அவ்வளவுதான். தேதி, வந்தவர்கள் பெயர், இடம் எல்லாம் படித்தேன். 'கல் கேட்பாரற்றுக் கிடந்தது' என்பதைப் படித்தேன். அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல ஒண்ணு விட்டுப்போச்சு சார்," என்றேன். "கல்ல புரட்டினப்போ நல்லெண்ணெ வாசன வந்துது. நான் எழுதல."

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க எடுத்துக்கினு வரமாட்டீங்கன்னு."

சார் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கல்லத் தொட்ட கைய வேட்டியிலதான் தொடச்சேன். எண்ணெக் கறை எங்கேர்ந்து வந்துதுன்னு அன்னிக்கே வூட்ல கேட்டாங்க. டெம்போ எண்ணெயா இருக்கும்னு சொல்லிட்டேன்." அவர் சிரிக்க ஆரம்பித்தார். அத்தாவும் சிரித்தார். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும், அவர எப்பிடி வெளிய எடுப்பீங்க, அதச் சொல்லுங்க," என்றாள்.

அங்கேதான் அத்தா சொல்லும் சிமென்ட் கதை ஆரம்பிக்கிறது. வெள்ளிக்கிழமை முழுக்க உளி உடைந்ததே தவிர சிமென்ட் உடையவில்லை. காலடியில் இருந்த நாய்தான் எங்கள் கவலை. வேகமாக அடித்தால் அதன் வால் தெறித்துவிடும். மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நான் தொடமாட்டேன் என்று போய்விட்டார். "யோவ் பாய், கலவையில இன்னாய்யா கலந்த?" என்று மன்றத்து ஆட்கள் முறை வைத்துத் திட்டினார்கள். அத்தாவுக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் பெருமை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சனிக்கிழமை காலை அஞ்சலையின் புருஷனும் மைத்துனர்களும் வந்தார்கள். கிணறு வெட்டிப் பழகியவர்கள். சுற்றி வந்து பார்த்தார்கள். "கல்லேர்ந்து சிமென்ட்ட ஏன் பிரிக்கிறீங்க? தரையேர்ந்து சிமென்ட்டப் பிரிங்க," என்றார்கள். சுற்றிலும் தரையை வெட்டி, காலடிக் கட்டியோடு கல்லை முழுசாக வெளியே எடுத்துவிட்டார்கள். நாயின் வால் பிழைத்தது. பள்ளம் மிஞ்சியது. கிளம்பும்போது அஞ்சலை என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "புள்ளய வெச்சிக்கினு கல்லு தூக்கற கூட்டத்துல சுத்திக்கினு கீற. நாளைக்கு வந்து சாப்பிட்டுப் போ பாயம்மா. மொளகா கம்மியா போடச் சொல்றேன்," என்றாள். அதற்கு முன் அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்வாள் என்று காத்திருந்தேன். கடைசிவரை கடிந்துகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர்கள் ஊருக்குப் போனோம். கல் பழையபடி குப்புறப் படுத்திருந்தது. மணப்பெண் மஞ்சள் புடவையில் நின்றிருந்தாள். கல்லை நாலு மூலையில் நாலு பேர் பிடித்துப் புரட்டுவதுதான் அவர்கள் வழக்கம். அன்று நாலு பேர் பிடித்தும் அசையவில்லை. சிமென்ட் கனம். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அஞ்சலையின் புருஷன் நிமிர்ந்து, "பாய், இது உங்க சிமென்ட்டு. நீங்களே வந்து ஒரு கை போடுங்க," என்றார். கூட்டம் சிரித்தது, மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். அத்தா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிமென்ட் இருந்த பக்கம் போய் உட்கார்ந்தார். வீரன் எழுந்துவிட்டார். காலில் சாம்பல் நிறத்தில் பெரிய கட்டியோடு, வெயிலைப் பார்த்தபடி. "செருப்பு போட்டுக்கினு வந்திருக்காரு, கள்ளக்குறிச்சிக்குப் போய்ட்டு வந்தாருல்ல," என்றாள் ஒருத்தி. அஞ்சலை எண்ணெய் தடவினாள். அந்த வாசனை வந்ததும் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கர்ப்பத்தில் எனக்குப் பிடித்துப்போன முதல் வாசனை அதுதான். பந்தக்கால் நட்டார்கள்.

பத்து மணிக்குப் பேராசிரியர் இங்கே வந்து இறங்கியபோது, கூடத்தில் ட்ராயிங் சாரும் பள்ளமும் மட்டும்தான் இருந்தார்கள். சார் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். பேராசிரியர் பள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அதன் முன்னாலேயே ரிப்பனை வெட்டினார். பிறகு, "கல்யாண வூட்ல சாப்பாடு எத்தன மணிக்கு?" என்று கேட்டு, அதே காரில் சாரையும் ஏற்றிக்கொண்டு மணலூர்பேட்டைப் பக்கம் வந்துவிட்டார். பள்ளத்துக்கு மேல் அட்டை எழுதிவைத்தது நான்தான்: 'இங்கே நின்ற கல் தன் ஊருக்குப் போய்விட்டது.' மன்றத்துக்கு வருகிறவர்கள் இன்றும் அதிக நேரம் நிற்பது அந்தப் பள்ளத்தின் முன்னால்தான். மினிட்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் நான் எண்ணெய் வாசனையைப் பற்றி ஒரு வரி சேர்த்து, பக்கத்தில் என் கையெழுத்தும் போட்டேன். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, ட்ராயிங் சார் தன் நடுங்கும் கையெழுத்தைப் போட்டார்.

நீ போகிற மலையில் சாமை விதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருஷம் விதைத்த கொல்லையை அடுத்த வருஷம் சும்மா விட்டுவிடுவார்கள் என்று கேள்வி. நீ போய் நிற்கும் நாளில் அங்கே புல்தான் இருக்கும், ஓர் ஆடு படுத்திருக்கும். உன் கையில் ஒரு புத்தகமும் பேனாவும் இருக்கும். 'தரிசு' என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. வாக்கியம்கூட வேண்டாம், ஒரே வார்த்தை போதும். அந்த நிமிடத்தில் உனக்கு ஏதாவது வாசனை வரலாம். வந்தால், நீ என்னைவிட நல்லவனாக இருக்க வேண்டியதில்லை, என்னைவிட ஒரு மாதம் சீக்கிரமாகச் சொல்லிவிடு, போதும். நிலத்துக்காரரைக் கேள். பிறகு, அன்று வேலைக்குப் போய்விட்டதால் அங்கே இல்லாதவர்களையும் கேட்டுவிட்டு எழுது. அவர்கள் சாயங்காலம் திரும்பி வருவார்கள். நீ அதுவரை உட்கார்ந்திரு. டீ கொடுப்பார்கள், குடி.

இன்னொரு விஷயம். அத்தா உன்னிடம் சொல்லத் தயங்குகிறார். நேற்று அஞ்சலை வந்துவிட்டுப் போனாள். அன்று மஞ்சள் புடவையில் நின்றாளே, அவளுடைய மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அந்தச் சிமென்ட் செருப்பு இன்னும் கழலவில்லை, அதனால் அந்த ஊரில் இன்றும் ஐந்து பேர்தான் கல்லைப் புரட்டுகிறார்கள். ஐந்தாவது இடம் நம் வீட்டுக்கு. "கும்புடறது அவங்க, தூக்கறது நம்ம," என்று இத்தனை வருஷமும் அத்தா ஒரு கல்யாணம் விடாமல் போய்வந்தார். நீயும் போய் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாய், கல்லைத் தொட்டதில்லை. இந்த முறை அவருக்கு முட்டி வலி ஜாஸ்தி. உட்கார்ந்தால் எழ முடியாது. அஞ்சலை அதைப் பார்த்துவிட்டு, "பையன் மலையிலேர்ந்து எறங்கி வருமா பாயம்மா?" என்று கேட்டாள். நீ பெட்டியிலிருந்து போர்வையை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாய், கேட்டிருக்க மாட்டாய். வரும் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் அது ஒரு வழக்கம்.

பந்தக்காலுக்கு முந்தின நாள் லீவு எடுத்துக்கொள். சிமென்ட் பக்கம் உட்கார், அதுதான் நம் இடம். தூக்கும்போது நாயின் வாலில் கை படாமல் பிடி. எண்ணெய் தடவிய பிறகு அவர்கள் உன்னையும் ஒரு தடவை தொடச் சொல்வார்கள். கையை எதிலும் துடைக்காமல் வீட்டுக்கு வா.

அம்மா